கதைக் கிளைகளை எங்கே நிறுத்துவது? கேம் செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேலை முடிந்த இரவுகளில் தனி ஆளாக ரென்பை என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு விஷுவல் நாவல் கேம் (படங்களோடு கதையைப் படித்துக்கொண்டே, இடையிடையே பதிலைத் தேர்ந்தெடுத்து ஆடுவது) செய்துவருகிறேன். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. விவாகரத்துக்குப் பிறகு மறுபடி காதலிக்கத் தயங்கும் ஒரு பெண்ணாக ஆட வேண்டும்.

யாரோடு பழகுவது, எவ்வளவு நெருங்குவது, எப்போது விலகுவது, எல்லாமே ஆடுபவர் கையில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன். இரண்டிரண்டு பதில்களோடு ஆறு கேள்விகள் வைத்தாலே 64 பாதைகள்! மூன்றாம் அத்தியாயத்தில் அவளோடு பழகும் ஒருவன் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இன்னைக்கு இங்கேயே இருக்கட்டுமா?" என்று கேட்கிறான். அந்த ஒரு காட்சிக்கே பதினொரு வடிவங்கள் எழுதிவிட்டேன். படங்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

பாதைகளை ஒரே காட்சியில் மறுபடி சேர்த்து, ஆடுபவர் முன்பு எடுத்த முடிவுகளை வேரியபிளில் (கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் குறிப்பு) வைத்து வசனத்தை மட்டும் மாற்றலாம், சரி. ஆனால் 'வேண்டாம்' என்றவரையும் அதே படுக்கையறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அது தேர்வே இல்லை. அதை மட்டும் செய்ய மாட்டேன்.

முழு கேமை முடித்து வெளியிட்டவர்கள் சொல்லுங்கள்: எந்தத் தேர்வுகளுக்குத் தனிக் கிளை கொடுத்தீர்கள்? எதையெல்லாம் வசன மாற்றத்தோடு விட்டீர்கள்? அப்புறம், பாதி எழுதிய கிளையை வெட்டுவது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துப் பார்க்க யாராவது முன்வந்தால் இன்றே அனுப்புகிறேன்.