வாட்டர் பம்ப் மாற்றிய அனுபவங்கள்: இன்னும் உறுத்துவதை எழுதுங்கள்

பச்சை67:

கார் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை மாற்றுவது எப்படி என்று கேட்க வரவில்லை. நான்கு போல்ட் வேலை அது, செய்தவர்களுக்குத் தெரியும். எனக்கு வேறொன்று பல வருடமாக உறுத்துகிறது. நான் ஆரம்பிக்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பர். டெவனுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வண்டிக்கு முன்பக்கம் தரையில் நீலமாக ஒரு சொட்டு. பெல்ட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், பம்பின் கழுத்துக்கு அடியில் இருக்குமே அந்தச் சின்னத் துளை, அதிலிருந்து வருகிறது. அது எதற்கு வைத்த துளை என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அன்று தெரியாது. துளை இருந்தால் ஒழுகும், அடைத்தால் நிற்கும், அவ்வளவுதான் என் அறிவு. துடைத்து, காயவைத்து, எபாக்ஸியை விரலாலேயே திணித்து அடைத்தேன். மறுநாள் காலை தரை காய்ந்து கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன் வேறு.

ஏ303 சாலையில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு முன்னால் வழக்கமான நெரிசல். ஊர்ந்துகொண்டிருக்கிறோம். ஆட்டுக்கல்லில் சரளைக்கல் போட்டு அரைப்பது போல முன்னாலிருந்து ஒரு சத்தம். ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதற்குள் ‘கிர்ர்ர்’ என்று ஒரே இழுப்பு, கண்ணாடி முழுக்க ஆவி. பானெட்டைத் திறந்தால், பேரிங் கழன்று விசிறி முன்னால் வந்து ரேடியேட்டரில் முழு வட்டம் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்துப் போடுவோமே, அவ்வளவு சுத்தமான வட்டம். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். “பேரிங்” என்று ஒரே ஒரு சொல். திரும்பிப் போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டார்.

புது பம்ப், வேறு ரேடியேட்டர், ஒரு சனிக்கிழமை. அதெல்லாம் முடிந்த கதை. அந்தத் துளையை அடைத்த விரல்தான் இன்னும் நினைவில் நிற்கிறது.


ரப்பர்78:

பச்சை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது குரோம் பம்பர்காரர்களின் பிரச்சினை. 1977 மாடலிலிருந்து எம்ஜிபியில் ரேடியேட்டரை முன்னால் தள்ளி மின்விசிறி வைத்துவிட்டார்கள். பம்பின் தலையில் விசிறியே கிடையாது, வட்டம் போட ஆளில்லை. பின்னால் வந்த ரப்பர் பம்பர் மாடல் அழகில்லை என்று கேலி செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். நான் பம்ப் மாற்றியபோது ரேடியேட்டரைத் தொடவே இல்லை.

என் கதை சின்னது. கீழ் போல்ட். அரை அங்குல ஏஎஃப் (போல்ட் தலையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அளவு) ஸ்பேனர் எங்கே போனதென்று தெரியவில்லை, 13 மில்லிமீட்டர் கையில் இருந்தது. அரை அங்குலம் என்றால் 12.7, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று மாட்டி இழுத்தேன். ஸ்பேனர் சுகமாகத் திரும்பியது. போல்ட் திரும்பவில்லை. ஆறு முனையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் 12 மில்லிமீட்டர் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித்தான் கழற்றினேன். அந்த சாக்கெட்டுக்குள் அந்த போல்ட் இன்னும் சிக்கியிருக்கிறது. எடுக்கவில்லை, மேசை மேல் வைத்திருக்கிறேன்.

பம்ப் மாற்றும்போதே கூலன்ட்டையும் மாற்றிவிடுங்கள். நான் ஐந்து வருடம் தாங்கும் ஓஏடி (ஆர்கானிக் அமிலம் கலந்த) வகை ஊற்றினேன், அந்த ஆரஞ்சு நிறம். ஒரு பிரச்சினையும் இல்லை.


ஹாரோ_மிட்ஜெட்:

ரப்பர் தம்பி, விசிறி இல்லை என்பதற்காக உங்கள் பம்ப் சாகாது என்று நினைக்க வேண்டாம். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் எந்த பம்பின் பேரிங்கும் போகும்.

என்னுடையது 1972 எம்ஜி மிட்ஜெட், 1275 சிசி இன்ஜின். மினி வைத்திருந்தவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். ஏ சீரிஸ் இன்ஜினில் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் அந்த பைபாஸ் ஹோஸ். கட்டைவிரல் அளவு ரப்பர்த் துண்டு, அதற்காக ஆட்கள் அழுதிருக்கிறார்கள். பம்ப் கழன்று இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும் என்று கராஜ்காரர் இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். சரி என்றேன். ஞாயிறு காலையில் தொடங்கி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, ஒழுகாமல் அடைக்கும் நீல ஹைலோமார் பசையை மெல்லிசாகப் பூசி, நான்கு போல்ட்டும் பூட்டி, ரேடியேட்டரை ஏற்றி, பெல்ட் போட்டு, இவரிடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற நிறையவில்லை. பிறகுதான் காலில் ஈரம். குனிந்து பார்க்கிறேன், வாய் திறந்தபடி இரண்டு குழாய். நிமிர்ந்து பார்க்கிறேன், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்த ஹோஸ், இரண்டு கிளிப்போடு, சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கோபம்.

மடிப்பு வைத்த ஹோஸ் கிடைக்கிறது, நசுக்கி உள்ளே விட்டுவிடலாம் என்று யாராவது எழுத வருவீர்கள். தெரியும். அன்றைக்கு ஞாயிறு.


அம்பி_வீடு:

நான் கோவை. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, அம்பாசடர். ஆனாலும் இங்கே எழுத உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1959 முதல் அதில் வந்த 1489 சிசி இன்ஜின் பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ். எம்ஜிஏ 1500-ல் இருந்ததும் அதுதான். பச்சை அண்ணனின் 1798 சிசி இன்ஜின் அதற்குத் தம்பி முறை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மெக்கானிக் அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பம்பில் ஊன்றி, பிடியை என் காதில் வைத்தார். உள்ளே யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல நறநறவென்று கேட்டது. அடுத்து டைனமோவில் ஊன்றினார். அது உஸ்ஸென்று ஒரே சீராக ஓடியது. “வித்தியாசம் தெரியுதா?” என்று மட்டும் கேட்டார். இன்றுவரை எந்த மெஷின் பக்கத்தில் நின்றாலும் காது அந்த நறநறவைத் தேடுகிறது. மிக்ஸி வாங்கப் போன கடையிலும் தேடியது, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சந்தேகம்: மாமா ஒருவர் எம்ஜிஏ ஒன்றை எடுத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அம்பாசடர் பம்ப் அதற்குச் சேருமா?


பழைய_இரும்பு:

கோவைத் தம்பிக்கு முதலில். குடும்பம் ஒன்று என்பதால் பாகம் ஒன்றாகிவிடாது. இரண்டு பம்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் துளை, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உள்ளே போகும் ஆழம், புல்லி நிற்கும் இடம், மூன்றையும் அளந்துவிட்டு அப்புறம் மாமாவைப் பேசச் சொல். புல்லி கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். இன்னொன்று, விசிறி சுற்றும்போது ஒன்பது வயதுப் பையனை அங்கே குனிய வைத்தது தப்பு. அந்த மெக்கானிக்கிடம் நான் சொன்னதாகச் சொல்.

ரப்பர், உனக்கு. பழைய வண்டியில் ரேடியேட்டர் ஈயப் பற்று வைத்தது, சீலும் ரப்பரும் அந்தக் காலத்து வகை. அதில் ஓஏடி ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலிக்கேட் கலந்த நீல எத்திலீன் கிளைகோல் கூலன்ட், தண்ணீரோடு பாதிக்குப் பாதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. ஐந்து வருடம் என்பது டப்பாவில் எழுதியிருப்பது. ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று நீ எழுதவில்லையே?

பச்சை, துளையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்கிறீர்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இருப்பார்கள், நான் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பக்கம் சீல், விசிறிப் பக்கம் பேரிங், நடுவில் அந்தத் துளை. சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டினால் பேரிங்கை எட்டுவதற்கு முன் வெளியே சொட்டிவிட வேண்டும், அதற்குத்தான். அடைத்தால் தண்ணீர் நேரே பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு ஏ303 தான்.

இனி கழற்றுகிறவர்களுக்கு. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தால் பல வண்டிகளில் ஒன்றும் வராது, ஐம்பது வருடத்துச் சேறு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்த வேண்டும். வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். பூனை நக்கும், செத்துவிடும். பம்பில் வரும் போல்ட்டெல்லாம் ஒரே நீளம் என்று நம்பி ஒரே டப்பாவில் போடாதீர்கள். அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கேஸ்கெட்டுக்கு ஹைலோமார் எதற்கு, அக்கா? இரண்டு பக்கமும் கொஞ்சம் கிரீஸ் தடவிய காகித கேஸ்கெட் போதும். அடுத்த தடவை சுரண்டுகிறவன் வாழ்த்துவான். பெல்ட்டை நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு மேல் இறுக்காதே. நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வை, இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். ஓடி ஆறியபின் மறுபடி அளவு பார்.

என் கதை: ஒரு போல்ட் முறிந்தது. அதை எடுக்க விட்ட ஈஸி அவுட்டும் உள்ளேயே முறிந்தது. 1998. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.


ஹாரோ_மிட்ஜெட்:

ஐயா, ஈஸி அவுட் கதையைக் கேட்கத்தான் நாங்கள் எல்லாம் வந்தது. ஹைலோமார் பூசிய இடத்தில் இதுவரை ஒரு சொட்டு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஒழுகியது கேஸ்கெட் இல்லை, நான்.


ரப்பர்78:

ஏழு மாதம். ஆனால் ஒழுகவில்லை.


ஸ்டாக்_வி8:

ட்ரையம்ஃப் ஸ்டாக், 3 லிட்டர் வி8. எங்கள் பம்ப் உங்களுடையது போல முன்னால் பெல்ட்டோடு தொங்காது. இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவில், மேலே, உள்ளிருக்கும் தண்டு ஒன்று ஓட்டுகிறது. உயரத்தில் இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான். தெரிந்தே வாங்கினேன். ஒரு மாதமாக அளவு பார்க்காமல் விட்டதும் நான்தான்.

லெஸ்டரில் ஒரு கல்யாணத்துக்கு எம்1 நெடுஞ்சாலையில் போகிறோம், பக்கத்தில் தம்பி. சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல நடுவைத் தாண்டி ஏறுகிறது. சாலையோரம் அடுத்து வரும் சர்வீஸ் நிலையத்தில் நிறுத்துவோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முள் சடாரென்று கீழே இறங்கியது. “பார்த்தாயா, ஆறிவிட்டது” என்றேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நான்கு மைல் ஓட்டினேன். முள்ளுக்குச் சூட்டை அனுப்பும் உணரி (செண்டர்) தண்ணீரில் நனைந்திருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது காற்றைத்தான் அளக்கும், முள் குளிர்ந்துவிட்டது போலக் காட்டும். இதை நான் கற்றுக்கொண்டது இரண்டு ஹெட்டையும் இறக்கிய பிறகு. பம்பின் சீல் கருகி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

கல்யாணத்துக்கு மீட்பு லாரியில் போய் இறங்கினோம், பட்டு வேட்டியோடு. இப்போதும் நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் தம்பி “ஆறிவிட்டதா?” என்று கேட்கிறான்.


பழைய_இரும்பு:

ஸ்டாக்கில் ஆறு இதழ் இம்பெல்லர், பன்னிரண்டு இதழ் இம்பெல்லர் என்று இரண்டு உண்டு. உம்முடையது எது?


ஸ்டாக்_வி8:

அன்றைக்கு எண்ணும் நிலையில் இல்லை ஐயா.


புதுசு_எம்ஜி:

இதையெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் கராஜுக்குப் போய் வந்தேன். போன மாதம் வாங்கிய 1971 எம்ஜிபி. தரையில் ஒரு சொட்டு இல்லை, அதனால் பம்ப் நல்லது என்று நினைத்திருந்தேன். சின்னக் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தால், துளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ இருக்கிறது. விசிறி நுனியைப் பிடித்து ஆட்டினேன், டக் டக் என்கிறது. பச்சை சார், அதில் விரல் ரேகை கூடத் தெரிகிறது.


பச்சை67:

ஓட்டாதீர்கள். ஒரு மைல் கூட வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். என் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று எபாக்ஸி மிச்சம் இருந்தது. நண்பன் ஒருவனின் வண்டியும் அதே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. டெவன் கிளம்புவதற்கு முதல் நாள் அவனுக்கும் அடைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபின் அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, தள்ளிப் போட்டேன், அப்படியே விட்டுப் போயிற்று. அவனுடையதும் 71. உங்கள் வண்டி என்ன நிறம்?


புதுசு_எம்ஜி:

வெள்ளை. வாங்கும்போதே வெள்ளைதான், முன்னால் என்னவென்று தெரியாது. பம்ப் ஆர்டர் போட்டாயிற்று.


பச்சை67:

அவனுடையது சிவப்பு.

நேற்று இரவு கூப்பிட்டுப் பேசினேன். வண்டியை எப்போதோ விற்றுவிட்டானாம், வாங்கியவர் யாரென்று நினைவில்லை. விற்பதற்கு முன் பம்ப் மாற்றினாயா என்று கேட்டேன். “எதற்கு? நீதான் சரிசெய்து கொடுத்துவிட்டாயே” என்றான்.