பிரித்தானியாவில் பராமரிப்பாளர் கொடுப்பனவைத் திருப்பிக் கேட்கிறார்கள்: மேன்முறையீட்டில் எதை எழுதுவது?

குளக்கட்டு (கிளிநொச்சி):
இங்கிலாந்தில் வசிக்கும் என் அக்கா, 2009 இல் முள்ளந்தண்டில் காயப்பட்ட அத்தானைப் பராமரித்துக்கொண்டே ஒரு கடையில் பகுதிநேரமாக வேலை செய்கிறார். பராமரிப்போருக்கு அங்குள்ள அரசு வாரந்தோறும் தரும் பராமரிப்பாளர் கொடுப்பனவையும் பெறுகிறார். 2023 ஏப்ரலுக்குப் பின்னர் 20 வாரங்கள் அதற்குரிய வருமான வரம்பை மீறிவிட்டார் என்று கூறி, 1,535 பவுணைத் திருப்பிச் செலுத்துமாறு கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. அவருடைய கைக்கு வரும் சம்பளம் ஒரு வாரம் 120 பவுண், மறுவாரம் 150 பவுண் என்று மாறிமாறி வருகிறது. மேன்முறையீட்டை இங்கிருந்து நானே எழுதுகிறேன். அத்தானின் காயத்தையும் குடும்பத்தின் கஷ்டத்தையும் விரிவாக எழுதியுள்ளேன். அம்மாவுக்கு அக்கா மாதந்தோறும் அனுப்பும் பணத்தையும் செலவாகக் காட்டலாமா?

பாலைப்பழம்:
ஐயா, முதலில் திகதியைப் பாருங்கள். தீர்மானக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் தோற்றால், அந்த முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

2023 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு வரம்பு வாரம் 139 பவுண். அதை ஒரு பவுணால் தாண்டினாலும் அந்த வாரத்துக்குரிய 76.75 பவுண் முழுவதும் போய்விடும் என்பதுதான் இந்தக் கொடுப்பனவின் கொடுமை. ஆனால் 120, 150 என்று ஒழுங்காக மாறிவரும் சம்பளத்தைச் சராசரியாக்கினால் 135 பவுண்தான் வருகிறது. ஏறி இறங்கும் வருமானத்தைச் சராசரியாக்கச் சட்டவிதிகள் இடமளிக்கின்றன. இது குறித்து அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வழிகாட்டல் பிழையானது என்று 2025 நவம்பரில் வெளியான சுயாதீன மீளாய்வும் கூறியது. எனவே எல்லா வாரங்களின் சம்பளச் சிட்டைகளையும் இணைத்து, சராசரிக் கணக்கைக் கடிதத்தின் முதற்பந்தியிலேயே வையுங்கள். ஓய்வூதியத்துக்கு அவர் செலுத்தும் தொகையில் பாதியையும் மொத்தச் சம்பளத்திலிருந்து கழிக்கலாம். அம்மாவுக்கு அனுப்பும் பணம் கழிவில் சேராது. வேலைநேரத்தில் அத்தானைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினரல்லாத ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், அதைக் குறிப்பிட்ட அளவுவரை காட்டலாம்.

ஓமந்தையான்:
இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகத்தில் நம் வறுமையைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் கடிதமும் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பிரித்தானியாவில் பார்க்கப்படுபவை வேறு. அந்த வாரங்களில் கொடுப்பனவுக்கு உரித்து இருந்ததா என்பது ஒன்று. உரித்து இல்லாவிட்டாலும், அக்கா உண்மையை அறிவிக்கத் தவறியதாலோ தவறாகச் சொன்னதாலோதான் பணம் கூடுதலாகப் போனதா என்பது மற்றது. கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம், தவணைத் தொகையைக் குறைக்கக் கேட்கும்போதுதான். சம்பளம் மாறுவதை அக்கா எப்போதாவது கொடுப்பனவு அலுவலகத்துக்கு அறிவித்தாரா?

குளக்கட்டு:
2023 மே மாதத்தில் தொலைபேசியில் சொன்னதாகக் கூறுகிறார். கடிதம் எதுவும் இல்லை.

ஓமந்தையான்:
அப்படியானால் தன்னைப் பற்றிய பதிவுகளைத் தருமாறு அவர் உடனே எழுத்தில் கேட்கட்டும். அந்த அழைப்பின் குறிப்பு அவற்றில் இருக்கக்கூடும். சம்பள விபரம் வரித் திணைக்களத்துக்குத் தெரியுமே என்ற வாதத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொடுப்பனவு அலுவலகத்துக்கு அறிவித்ததுதான் கணக்கில் வரும். பதிவுகள் வரும்வரை காத்திருக்காமல் மீள்பரிசீலனைக் கோரிக்கையை இந்த வாரமே அனுப்புங்கள். தீர்ப்பாயம் வரை போனால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்குசெய்வார்கள்; அக்கா முன்கூட்டியே கேட்டால் போதும்.