கையில் ஒட்டினால் ஒட்டட்டும்

*சனி*

நான்: [படம்] டின்னர் ரோல் (குட்டி பன்) செய்தேன். பஞ்சு மாதிரி வரும் என்று பார்த்தால் இந்தக் கதி. ஒன்றை மேஜையில் போட்டேன், டொக்கென்று சத்தம்.

மாமா: எனக்கு ஒன்று எடுத்து வை. காகிதம் பறக்காமல் வைக்க ஆகும்.

அண்ணி: ஈஸ்ட் செத்திருக்கும். பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாயா?

நான்: இல்லை அண்ணி, கை பொறுக்கும் சூடுதான். 10 நிமிடத்தில் நுரை கட்டியது.

சித்தி: நுரை கட்டியதா? அப்புறம் ஏன் ஈஸ்ட் மேல் பழி? 60 டிகிரி சூட்டில் போட்டிருந்தால் செத்திருக்கும், நுரையே வந்திருக்காது. ஒன்றைப் பிய்த்து உள்பக்கம் படம் அனுப்பு.

நான்: [படம்]

சித்தி: ஓரம் எப்படி உதிர்கிறது பார். நூல் நூலாகப் பிரிய வேண்டும். மாவு கூடிப்போயிருக்கிறது. எப்படி அளந்தாய்?

நான்: 4 கப். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினேன். பிசையும்போது கையெல்லாம் ஒட்டியது, அதனால் கொஞ்சம் தூவினேன்.

சித்தி: கொஞ்சம் என்றால்?

நான்: ஒரு கை. இரண்டு கை இருக்கும்.

அம்மா: நான்கு கை. பக்கத்தில்தான் நின்றேன்.

மாமா: 😂😂

சித்தி: கப்பை உள்ளே விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 150 கிராம் வரை ஏறிவிடும். ஸ்பூனால் போட்டு மேலே வழித்தால் 125 தான். அங்கேயே 100 கிராம் கூடிவிட்டது, அதன் மேல் உன் நான்கு கை. இனி தராசில் போடு. மைதா 500 கிராம், பால் 280 மி.லி., முட்டை 1, சர்க்கரை 50, வெண்ணெய் 60, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, உப்பு 8.

அண்ணி: முட்டை இல்லாமல்?

சித்தி: பாலை 320 ஆக்கிக்கொள்.

நான்: அப்படியும் ஒட்டினால்?

சித்தி: ஒட்டட்டும், ஒட்டத்தான் வேண்டும்! கலந்ததும் 15 நிமிடம் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். மாவு பாலை இழுத்துக்கொள்ளும், பாதி ஒட்டல் அதிலேயே போகும். பிறகு பிசை. முதல் 5 நிமிடம் சேறு மாதிரி இருக்கும், எல்லாரும் மாவு டப்பாவைத் தேடுவது அப்போதுதான். வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் 10 நிமிடம் பிசைந்தால் தானாகக் கையை விடும். நெல்லிக்காய் அளவு எடுத்து நான்கு விரலால் விரித்துப் பார். கிழியாமல், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால் போதும்.

நான்: எவ்வளவு நேரம் பொங்க விட?

சித்தி: இரண்டு மடங்கு ஆகும்வரை. வெக்கையாக இருந்தால் 45 நிமிடம், குளிரில் 2 மணி நேரம்கூட ஆகும். அப்புறம் 60 கிராமாகக் கிள்ளி உருட்டி அடுக்கு. மறுபடி பொங்கியதும் பக்கத்தில் விரலால் லேசாக அழுத்து. குழி சட்டென்று எழும்பினால் பொறு. மெதுவாக, அரைகுறையாக எழும்பினால் ஓவனில் வை. 180 டிகிரி, 20 நிமிடம்.

அண்ணி: எனக்கு மேல்தோல் கெட்டியாகிறதே சித்தி?

சித்தி: இடம் விட்டு அடுக்குகிறாய் போல. ஒரு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எழும்பினால் பக்கவாட்டில் தோல் கட்டாது. எடுத்த சூட்டிலேயே வெண்ணெய் தடவித் துணி போட்டு மூடு, ஆவி மேல்தோலை இளக்கிவிடும்.

அம்மா: மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

சித்தி: ஐயோ அக்கா, ரொட்டி வெளியே இருப்பதைவிட அங்கேதான் சீக்கிரம் இறுகும். இனிமேல் மறுநாளைக்குள் தீராததை ஃப்ரீசரில் போடு. இந்தத் தடவை செய்ததற்கு எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

*ஞாயிறு*

நான்: [வீடியோ] 4 நிமிடம் ஆயிற்று. பத்து விரலும் மாட்டிக்கொண்டன. மூக்கால் ஃபோனைத் தொடுகிறேன்.

அம்மா: மைதா டப்பாவை நான் ஒளித்து வைத்துவிட்டேன்.

சித்தி: 👏 விடாதே.

நான்: [படம்] சித்தி!!! கையை விட்டுவிட்டது!

நான்: [படம்] 15 வந்தது. பிய்த்தால் நூல் நூலாக வருகிறது.

அண்ணி: அட! உள்ளே எவ்வளவு வெள்ளை!

மாமா: எனக்கு எத்தனை?

அம்மா: மூன்றுதான் மிச்சம் இருக்கிறது. நான் எண்ணித்தான் சாப்பிட்டேன்.

நான்: மாமா, நீங்கள் கேட்டதை நேற்றே எடுத்து வைத்துவிட்டேன். காகிதம் பறக்காது.