உயிர்ச்சாரியை: உருசிய மருத்துவப் பெயரடைகளின் இணைப்பொலிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உருசிய மருத்துவச் சொற்களில் இரண்டு வேர்களுக்கு நடுவே வந்து நிற்கும் உயிரொலியை தமிழில் 'இணைப்பு ஒகரம்' எனலாம் என்று நம்மிடையே ஐயா ஒருவர் முன்வைத்த கருத்தை இரண்டு நாளாக அசைபோட்டேன். சொல் எளியது, பார்த்தவுடன் விளங்கக்கூடியது. ஆயினும் அதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. அவ்வொலி எல்லா இடத்திலும் ஒகரமாக எழுதப்படுவதில்லை. எழுதப்படும் இடத்திலும் பெரும்பாலும் ஒகரமாக ஒலிக்கப்படுவதில்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்குரிய பெயரடையை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் அது 'ஒதொரினொலரிங்கொலொகிச்செஸ்கிய்' என்று வரும். உருசிய எழுத்தில் 24 எழுத்து, 11 அசை. காதுக்கு ஒதொ, மூக்குக்கு ரினொ, குரல்வளைக்கு லரிங்கொ, அறிவுத்துறைக்கு லொக் என நான்கு வேர்களும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 'இச்' என்பதும் கிரேக்கப் பெயரடை விகுதியான 'இக்' என்பதன் திரிபே. அதன்மேல் உருசிய மொழி தன் சொந்த விகுதியாகிய 'ஸ்க்' என்பதை மீண்டும் ஏற்றி, பால், எண், வேற்றுமைக்கேற்ப மாறும் ஈற்றையும் ஒட்டிவிடுகிறது. இலத்தீன் வழி வந்தவற்றிலும் இதே கதைதான்: மூளைக்குரிய என்னும் பொருளுடைய 'த்ஸெரெப்ரால்னிய்' என்பதில் 'ஆல்' என்ற இலத்தீன் விகுதியே பெயரடையாக்கப் போதுமானது, அப்படியிருந்தும் உருசிய 'ன்' அதன்மேல் வந்து ஏறாமல் விடவில்லை. வேர் யாருடையதாகவும் இருக்கலாம், வாசல் சாவி மட்டும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்காரரைப் போன்றது அம்மொழி.

இனி ஒலிப்புக்கு வருகிறேன். 'இச்செஸ்கிய்' என்று முடியும் பெயரடைகளில் அழுத்தம் (ஓர் அசையை மட்டும் ஓங்கி ஒலிப்பது) அந்த இகரத்தின்மேலேயே விழும். அழுத்தம் பெறாத ஒகரம், சொல்லின் தொடக்கத்திலோ அழுத்தமுள்ள அசைக்கு நேர் முன்னாலோ இருந்தால் ஏறத்தாழ அகரமாகவும், மற்ற இடங்களில் இன்னும் மங்கிய ஓர் ஒலியாகவும் ஒலிக்கும். ஆகவே மேற்கண்ட சொல்லில் ஐந்து ஒகரங்கள் எழுதப்பட்டிருந்தும், சரளமாகப் பேசுபவர் வாயில் அது 'அதரினலரிங்கலகீச்சிஸ்கி' என்றே வருகிறது. ஓர் ஒகரம்கூடக் காதில் விழுவதில்லை. நிதானமாகச் சொல்பவர்கள் முன்னுள்ள வேர்களில் ஒன்றிரண்டுக்குத் துணையழுத்தம் கொடுப்பதுண்டு. அதுவும் வேரின் உயிரைத்தான் சேருமே தவிர, நடுவில் நிற்கும் நம் ஒலி பெரும்பாலும் வெளிறியே போகும். (மருத்துவமனையில் இந்த நீளச் சொல்லை யாரும் முழுதாகச் சொல்வதில்லை என்பது வேறு. மூன்று வேர்களின் முதலெழுத்தை எடுத்து 'லோர்' என்பார்கள். அழுத்தம் விழுவதால் அங்கேதான் ஒகரம் ஒகரமாகவே கேட்கிறது! பொதுமக்கள் வழக்கில் அவரே 'ஊஹ-கோர்ல-நோஸ்', அதாவது காது-தொண்டை-மூக்கு. அங்கே முதலிரு சொற்களின் ஈற்றில் எழுதப்படும் ஒகரம் அச்சொற்களுக்கே உரியது, இணைப்பொலி அன்று.)

எழுத்திலும் ஒகரம் நிலையானதன்று. மென்மைப்பட்ட மெய்களுக்கும் (நடுநாக்கு அண்ணத்தை நோக்கி எழ ஒலிப்பவை) 'ச்', 'ஷ்' போன்ற ஒலிகளுக்கும் பின் எகரம் வருவது பொது வழக்கு. சிறுநீர்-இனப்பெருக்க உறுப்புகளுக்குரிய என்பதைக் கடன் வேர்களால் சொன்னால் 'உரொகெனிதால்னிய்', நடுவில் ஒகரம். சொந்த வேர்களால் சொன்னால் 'மொச்செபொலொவோய்', நடுவில் எகரம். குருதி என்னும் ஒரே வேர்கூட, குருதி ஓடும் நாளத்துக்குரிய 'க்ரொவெனோஸ்னிய்' என்பதில் எகரத்தையும், குருதிச் சுற்றோட்டமாகிய 'க்ரொவொஒப்ரஷேனியெ' என்பதில் ஒகரத்தையும் ஏற்கிறது. இவை அனைத்துக்கும் 'இணைப்பு ஒகரம்' என்று பெயர் வைத்தால், ஒவ்வோர் இடத்திலும் அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.

நம்மிடம் சாரியை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. புளி, காய் இரண்டும் சேர்ந்து புளியங்காய் ஆகும்போது நடுவில் வரும் 'அம்' தனக்கென்று பொருள் இல்லாதது. சேர்ப்பதே அதன் வேலை. உருசிய ஒலியின் வேலையும் அதுவே. சாரியை என்றாலே இன், அத்து, அம் என்பவைதாம் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஆனால் நன்னூலார் பொதுச் சாரியைகளை அடுக்கும்போது ஏ, அ, உ, ஐ ஆகிய தனி உயிர்களையும் சேர்த்தே சொல்கிறார். எனவே உயிராக மட்டும் வருவதை 'உயிர்ச்சாரியை' என்று பிரித்துக் காட்டுவது மரபுக்கு மாறானதாகாது. மருத்துவ நூலில் 'உயிர்' என்றால் வேறு பொருள் தோன்றாதா என்று ஒருவர் கேட்கலாம். இலக்கண விளக்கத்துக்குள் வரும் சொல்லுக்கு அந்த அச்சம் தேவையில்லை. 'இணைப்புயிர்' என்ற மாற்றையும் எண்ணிப்பார்த்தேன். பிழையில்லை, ஆனால் உருசியப் பெயரை அப்படியே திருப்பியது அது, நம் இலக்கணத்தோடு அதற்கு ஒட்டுறவில்லை.

ஒகரம் இப்படி மங்குவதற்குக் 'குறுக்கம்' என்ற பெயரே போதும் என்ற கருத்தை மட்டும் இப்போதைக்கு ஒத்திவைக்க வேண்டுகிறேன். நம் ஐகாரக்குறுக்கத்தில் மாத்திரை குறைவதையே இலக்கணம் பேசுகிறது. இங்கே அளவும் குறைகிறது, ஒலியின் சாயலும் மாறுகிறது.

சோதனைக்கு ஒரு சொல் தருகிறேன். 'ரென்த்கெனொஎலெக்த்ரொகர்தியொக்ரஃபிச்செஸ்கொகொ': ஊடுகதிரும் இதய மின்பதிவும் ஒரே சொல்லில், ஆறாம் வேற்றுமை வடிவில், உருசிய எழுத்தில் 33 எழுத்து. ரென்த்கென், எலெக்த்ர், கர்தி ஆகியவற்றின் பின் ஒவ்வொன்றாக உயிர்ச்சாரியை மூன்று. முதல் வேரிலுள்ள 'த்' ஒலிக்கப்படாது. ஈற்றில் எழுதப்படும் 'ஒகொ' பேச்சில் 'அவ' ஆகிவிடும். ஆனால் அது வேற்றுமை உருபு, சாரியைக் கணக்கில் வராது. 'இணைப்பு ஒகரம்' என்ற பெயரை வைத்துக்கொண்டு இச்சொல்லைப் பிரிக்கும் மாணவர், ஈற்று ஒகரங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட வாய்ப்புண்டு.

மறுப்பு இருப்பின், எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

அன்புடன்.