இ-சேவை வந்த பிறகும் நகல் எதற்கு? எந்தத் தொழில்நுட்பம் நம் அலைச்சலை உண்மையில் குறைக்கும்?

மணப்பாறைக்காரன்:
பையனுக்கு இந்த வருடம் கல்லூரி சேர்க்கை. வருமானம், சாதி, முதல் பட்டதாரி என்று மூன்று சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். மூன்றுக்கும் தனித்தனியாக ஆதாரையும் ரேஷன் அட்டையையும் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். ரேஷன் அட்டை கொடுத்தது அரசு. பையனுடையதற்கு ஆதாரமாகக் கேட்ட என் சாதிச் சான்றிதழைக் கொடுத்ததும் இதே வருவாய்த் துறைதான், அதில் கியூஆர் கோடு கூட இருக்கிறது. அப்படியிருக்க அதன் நகலை நான் ஏன் மறுபடி அதே துறைக்கே கொடுக்க வேண்டும்? செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஒருநாள் கூலி போகாமல் காரியம் நடக்க எது உதவும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மையத்திலிருந்து:
அண்ணா, நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஆன்லைன் ஆனது விண்ணப்பம் மட்டும்தான். நாங்கள் ஏற்றிய கோப்பு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் வட்டாட்சியர் அலுவலகம் என்று பழைய வரிசையிலேயேதான் போகிறது. ஒவ்வொருவரும் ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார்கள். படம் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் மறுபடி வர வேண்டும்.

ஆனால் மூன்று சான்றிதழும் ஒன்றல்ல. முதல் பட்டதாரிக்கு உங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உங்கள் அப்பா எதுவரை படித்தார் என்று எந்தக் கணினியிலும் இருக்காது, விஏஓ விசாரித்துத்தான் ஆக வேண்டும். சாதிச் சான்றிதழ் அப்படியில்லை, உங்களுடையது ஏற்கெனவே அவர்கள் சர்வரிலேயே இருக்கிறது. எண்ணைத் தட்டினால் வர வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே இதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். பத்திரம் பதியும் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018-ல் வந்தது. அதை வருவாய்த் துறையின் பட்டா மென்பொருளான தமிழ்நிலத்தோடு இணைத்த பிறகு, உட்பிரிவு செய்ய, அதாவது இடத்தைத் துண்டாகப் பிரிக்கத் தேவையில்லாத, வில்லங்கம் எதுவும் இல்லாத இடமென்றால் பத்திரம் பதிந்த கையோடு பட்டா பெயர் மாறிவிடுகிறது, தாலுகா ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். உட்பிரிவு என்றால் மட்டும் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இதில் ஏஐ எதுவும் இல்லை, இரண்டு துறையின் கணினிகள் ஒன்றோடொன்று பேசின.

தாலின்வாசி:
மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் எஸ்தோனியாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இங்கே 2001-லிருந்து துறைகளின் கணினிகளை இணைக்கும் எக்ஸ்-ரோடு என்று ஒன்று ஓடுகிறது. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் குவிப்பது அதன் வேலை இல்லை. மக்கள்தொகைப் பதிவு அந்தத் துறையிடம், வரி விவரம் வரித்துறையிடம், மருத்துவ விவரம் மருத்துவத் துறையிடம் என்று அதது அங்கங்கேயே இருக்கும். ஒரு துறைக்கு இன்னொன்றிடமிருந்து விவரம் தேவைப்பட்டால் கையொப்பமிட்ட கேள்வி போகும், பதில் வரும், இரண்டு பக்கமும் பதிவாகும். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைக் குடிமகனிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முக்கியம் அந்தச் சட்டம்தான், அது இல்லாமல் எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கினாலும் கவுன்டரில் இருப்பவர் நகல் கேட்பதை நிறுத்த மாட்டார். எஸ்தோனியாவில் வெறும் 13 லட்சம் பேர், நமக்கு அளவு பெரிய சவால்தான். ஆனால் ஒரே துறைக்குள் இருக்கும் இரண்டு சான்றிதழை இணைப்பதற்கு மக்கள்தொகையைக் காரணம் சொல்ல முடியாது.

நெல்லை வாசகி:
இணைப்பது நல்லதுதான், ஆனால் இணைத்துவிட்டு மனிதரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று ஒரு திட்டம். உதவித்தொகை வாங்கியவர்களின் வருட வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருப்பீர்கள், அதனால் உதவித்தொகையைத் திருப்பிக் கொடுங்கள் என்று இயந்திரமே கடிதம் அனுப்பியது. ஆறு மாதம் வேலையில் இருந்து ஆறு மாதம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல் இல்லாத கடன் விழுந்தது. 2023-ல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. இரண்டு துறையின் கணினிகள் அங்கேயும் பேசத்தான் செய்தன.

நம் ரேஷன் கடையைப் பாருங்கள். வயல் வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை செய்த அம்மாக்களுக்குக் கைரேகை விழாது. விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும். அப்புறம்தான் கருவிழி ஸ்கேனர், வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம், 2025-ல் முதியோருக்கு வீடு தேடி ரேஷன் வரும் தாயுமானவர் திட்டம் எல்லாம் வந்தன. இவற்றை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இயந்திரம் மறுத்தால் அடுத்த வழி என்ன என்பதை மட்டும் முதல் நாளே தீர்மானித்திருக்க வேண்டும்.

மணப்பாறைக்காரன்:
நன்றி எல்லோருக்கும். ஒரு சந்தேகம், எல்லாத் துறையும் இப்படி என் விவரத்தைப் பார்க்கலாம் என்றால், யார் பார்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தாலின்வாசி:
இங்கே அரசு இணையதளத்தில் நுழைந்தால் எந்த அலுவலகம், எந்தத் தேதியில் என் விவரத்தை எடுத்தது என்ற பட்டியலைப் பார்க்கலாம். காரணமில்லாமல் எட்டிப் பார்த்த அலுவலர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கு நிறைய விலக்கு தருகிறது. அதனால் இணைப்பைக் கேட்கும்போதே இந்தப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் கிடைக்காது.