5 வயது மகளின் பால் கடைவாய்ப்பல்: குழந்தைகள் பல் மருத்துவர் தேவை

கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறோம். 5 வயது மகளுக்குக் கீழ்த்தாடையின் வலப்புற இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி, 3 வாரங்களாக இரவில் வலியால் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். ஈறில் அரிசி அளவில் ஒரு சீழ்க்கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருக்கிறது. உள்ளூர்ப் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து 5 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார். மருந்து முடிந்ததும் வலி திரும்பிவிட்டது. இருமுறை வேர் சிகிச்சைக்கு முயன்றும், ஊசியைக் கண்டதும் அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிவிட்டதால், பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார். 10 வயதுக்கு மேல் விழ வேண்டிய பல்லை இப்போதே எடுத்தால், பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஈரோட்டிலோ கோவையிலோ, மயக்க மருத்துவர் துணையுடன் பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போடும் குழந்தைகள் பல் சிறப்பு மருத்துவர் எங்கே இருக்கிறார்?