எண்ணெயில் பூஞ்சை முளைக்குமா? பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்டுக்குப்பத்தான்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வடசென்னை எண்ணூருக்கு வந்த பெட்ரோலிய எண்ணெயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, கூழைக்கடா எல்லாம் கறுத்துப் போனதை டிவியிலேயே பார்த்திருப்பீர்கள். நான் கேட்க வந்தது வேறு.

படகு கட்ட எங்கள் கரையில் ஒரு சவுக்குக் கட்டை நட்டிருந்தோம். தண்ணீர் ஏறிய மட்டம் வரை அதில் எண்ணெய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு யாரோ அதைப் பிடுங்கி மேட்டில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் போகிறேன், கறுப்பு ஏறிய பகுதியில்தான், அதன் வெடிப்புகளில்தான், வரிசையாக வெள்ளைக் காளான். நகத்தளவு விசிறிகள். காம்பு கிடையாது. மேலே பொடி ரோமம். திருப்பிப் பார்த்தால் அடியில் நடுவாகப் பிளந்த மடிப்புகள். கிள்ளினால் வரவில்லை, இழுபட்டது. கட்டையைத் தொட்ட கையில் எண்ணெய் ஒட்டியது. காளானைத் தொட்ட விரல் சுத்தமாக இருந்தது.

ஆயா பார்த்துவிட்டு, "தொடாதடா, அது அந்த எண்ணெயைக் குடிச்சு வளர்ந்தது" என்று கத்தியது.

குடித்துத்தான் வளர்ந்ததா, இல்லை எண்ணெயைச் சகித்துக்கொண்டு மரத்தை மட்டும் தின்றதா? இப்படி எங்கேயாவது பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வேளச்சேரி ஜென்செட்:

எண்ணெயில் பூஞ்சையா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் ஒருநாள் என்னோடு வேலைக்கு வாருங்கள்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு அடுக்குமாடியில் கூப்பிட்டார்கள். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும், ரெண்டு நிமிஷம் ஓடும், திணறி நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ அடைத்திருக்கிறது. மாற்றினேன், மறுபடி அடைத்தது. சரி, டேங்க்கையே பார்ப்போம் என்று டீசலை இறக்கினோம். கூட வந்த பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, யாரோ பனியனை உள்ளே போட்டுட்டாங்க" என்றான். கம்பியை விட்டுத் தூக்கினேன். பனியன் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு ஜவ்வு. பழுப்பும் கறுப்புமாக, நார் நாராகப் பிரிகிறது, டீசல் நாற்றத்தோடு புளித்த வாடையும் சேர்ந்து வருகிறது.

வெள்ளத்தண்ணீர் உள்ளே போய் அடியில் தங்கியிருந்தது. மேலே டீசல், கீழே தண்ணீர், அந்த ரெண்டும் சந்திக்கிற கோட்டில்தான் இது வளர்கிறது. குடிக்கத் தண்ணீர் கீழே, சாப்பாடு மேலே. விமான எரிபொருள் டேங்க்கிலும் இதே தொல்லை உண்டு. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே அதற்கு ஒரு பேர் இருக்கிறது. அந்த அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் நம்பவில்லை. கலப்பட டீசல் என்று பங்க்குக்குச் சண்டை போடப் போய்விட்டார்.

அதனால் உங்கள் ஆயா சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன் தம்பி.

சந்தேகி:

ஜென்செட் அண்ணே, அந்த ஜவ்வில் பூஞ்சை மட்டும் இருந்திருக்காது. பாக்டீரியாவும் கலந்துதான் இருக்கும். கடலில் கொட்டிய எண்ணெயைக் கரைப்பதிலும் பெரும்பங்கு பாக்டீரியாவுக்குத்தான். ஆல்கனிவோராக்ஸ் என்று எண்ணெய்க்காகவே பிறந்த ஒரு சாதி இருக்கிறது. டீசலில் இருப்பது பெரும்பாலும் கரியணுக்கள் நீளச் சங்கிலியாகக் கோத்த சேர்மங்கள், அதை உடைப்பது பெரிய வித்தை இல்லை. எண்ணூரில் அடியில் படிந்த கழிவில் வளையம் வளையமாகக் கோத்த சேர்மங்கள் இருக்கும். அது வேறு கதை.

என் அனுபவம் சின்னது. அக்கா பையன் பள்ளிக் கண்காட்சிக்கு "பிளாஸ்டிக் தின்னும் காளான்" செய்தான். சிப்பிக் காளான் படுக்கைக்குள் ஒரு கேரி பேகைச் சுருட்டி வைத்து வளர்த்தான். பேக் மறையும்படி வெள்ளை இழை அப்படிப் படர்ந்தது, நடுவருக்கும் பரம திருப்தி, பரிசும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் அந்த பேகை எடுத்துக் குழாயடியில் கழுவினேன். இழை மொத்தமும் வழித்துக்கொண்டு போனது. பேகில் ஒரு பொத்தல் இல்லை. அச்சடித்த கடைப் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருந்தன. பையன் என்னோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெருங்குடி குப்பைமேட்டுப் படத்தோடு "பிளாஸ்டிக்கைத் தின்னும் பூஞ்சை கண்டுபிடிப்பு, இனிக் கவலை இல்லை" என்று வருஷா வருஷம் ஒரு பார்வர்டு வருகிறது. கண்டுபிடிப்பு பொய் இல்லை. 2017இல் இஸ்லாமாபாத் குப்பைமேட்டு மண்ணிலிருந்து ஆஸ்பர்ஜில்லஸ் ட்யூபிங்கென்சிஸ் என்ற பூஞ்சையை எடுத்தார்கள். 2011இல் ஈக்வடார் காட்டிலிருந்து எடுத்த பெஸ்டலோட்டியாப்சிஸ் பற்றி எழுதினார்கள். ரெண்டும் உடைத்தது பாலியூரித்தேன். மெத்தை, சோபா, ஷூ அடி செய்கிற சரக்கு. நம் குப்பையில் மலையாகக் கிடப்பது பாலித்தீன். அதன் முதுகெலும்பு முழுக்கக் கரியும் கரியும் கோத்தது, நொதி பிடித்து வெட்ட ஒரு கணு கிடையாது. ஆய்வகத்தில் தட்டில் நடந்ததை அப்படியே தூக்கி ஏக்கர் கணக்கில் பரந்த குப்பையில் வைத்துப் பேசுகிறார்கள். அங்கே உள்ளே காற்றே கிடையாது, வெந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலான பூஞ்சைகள் பிழைக்காது. குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் வேலையை மனிதனும் இயந்திரமும்தான் செய்ய வேண்டியிருக்கிறது. தயவுசெய்து யாரும் பார்வர்டு செய்யாதீர்கள்.

அடையாறு பால்கனி:

எல்லோரும் சேர்ந்து பூஞ்சைக்குக் கோயில் கட்டுவதற்கு முன் என்னுடையதையும் கேளுங்கள்.

எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி நிறுத்தினால் காலையில் சீட் மேல் பழுப்புப் பொடி படிந்திருக்கும். பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, செங்கல் தூசி என்று எல்லோரும் மேஸ்திரியைத் திட்டினோம். கட்டட வேலை முடிந்தும் பொடி நிற்கவில்லை. மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் டீ டம்ளரை வைக்கும் இடத்தைப் பிறகுதான் கவனித்தேன். அடிமரத்திலிருந்து தட்டு கணக்காக நீட்டிக்கொண்டிருந்த ஒரு காளான். வார்னிஷ் அடித்த செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. அவருக்கு அது வசதியான ஸ்டாண்டு. டம்ளரைத் தூக்கினால் பொடியில் வட்டமாகத் தடம். கானோடெர்மா என்று அப்புறம் தெரிந்தது. பழுப்புப் பொடி அதன் வித்து.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மத்தியானம் மரம் சாய்ந்தது. இஸ்திரிக்காரர் அன்றைக்குக் கடை போடவில்லை. வேரோடு பெயர்ந்தது என்று சொல்லக்கூட வேர் இல்லை. அடியில் மொட்டையாக நின்றது, உள்ளே வெள்ளையாக, அமுக்கினால் அமுங்குகிற அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

தெருவில் ஒரு மரத்தடியில் இந்தத் தட்டைப் பார்த்தால் அதன் கீழே வண்டி நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

கிண்டி பழைய மாணவி:

அடையாறு, நீங்கள் சொன்னது சரி, ஆனால் குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் தோண்டும்போது வேரை வெட்டுகிறோம். பூஞ்சை அந்தக் காயம் வழியாகத்தான் நுழைகிறது. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயும் இதே கானோடெர்மா குடும்பம்தான். ஆனால் உங்கள் மரத்தின் உள்ளே அமுங்கிய அந்த வெள்ளை இருக்கிறதே, நாம் இங்கே பேசும் விஷயமே அதில்தான் இருக்கிறது.

மரத்தை விறைப்பாக வைத்திருப்பது லிக்னின். அதை முழுசாக உடைக்கத் தெரிந்த உயிர் உலகத்தில் ஏறக்குறைய, மரத்தை இப்படி வெள்ளையாக்கி அழுகவைக்கும் வெள்ளையழுகல் பூஞ்சைகள் மட்டும்தான். இவை இல்லாவிட்டால் காட்டில் விழுந்த மரத்தில் பெரும்பகுதி மட்காமல் கிடக்கும், அதில் மாட்டிய சத்து எளிதில் மண்ணுக்குத் திரும்பாது. லிக்னினுக்கு ஒழுங்கான அமைப்பு கிடையாது. அதனால் இந்தப் பூஞ்சைகள் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் என்று குறி பார்க்காமல் அடிக்கிற நொதிகளை உடம்புக்கு வெளியே விடுகின்றன. குறி பார்க்காததால்தான் சாயம், டிடிடி பூச்சிக்கொல்லி, சந்தேகி சொன்ன வளையச் சேர்மங்கள் எல்லாமே அடி வாங்குகின்றன. ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெள்ளையழுகல் பூஞ்சை டிடிடியை உடைக்கிறது என்று 1985இல் சயன்ஸ் இதழில் வந்தது. இந்தத் துறையே அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், தாவரவியல் துறை. பூஞ்சைகளை ஆராய்ந்த பேராசிரியர்கள் டி.எஸ். சதாசிவன், சி.வி. சுப்ரமணியன் காலத்திலிருந்து பூஞ்சைக்குப் பேர் போன இடம். பூஞ்சை வளர்க்கும் அகார் தட்டில் ரெமசால் என்ற துணிச்சாயத்தைக் கலந்து வைப்போம், தட்டு முழுக்க மைநீலம். நடுவில் ஒரு துண்டு வெள்ளையழுகல் பூஞ்சை. சில நாள் கழித்து மூடியைத் திறந்தால் பூஞ்சையைச் சுற்றி நீலம் வெளிறி, தட்டுக்கு அடியில் வைத்த என் கையெழுத்தைப் படிக்க முடிந்தது. சாயத்தை அது உறிஞ்சியிருந்தால் இழை நீலமாகியிருக்க வேண்டும். இழை வெள்ளையாகவே இருந்தது. கூட இருந்த தோழி, "நீலம் எங்கடி போச்சு?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

காட்டுக்குப்பத்தாருக்கு: பிளந்த மடிப்பு, ரோமம், விசிறி என்றால் அது சைசோஃபில்லம் கம்யூன். சென்னையில் காய்ந்த கட்டை கிடக்கும் இடமெல்லாம் வரும். அதன் மரபணுத் தொகுதியை 2010இல் வெளியிட்டபோது லிக்னின் உடைக்கும் பெராக்ஸிடேஸ்கள் அதில் இல்லை என்று தெரிந்தது. ஆகவே மரத்தைத் தின்றது, எண்ணெயைப் பொறுத்துக்கொண்டது என்பதே என் யூகம். கட்டையில் எண்ணெய் குறைந்ததா என்பதை அளந்தால்தான் தெரியும். காளான் முளைத்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பம்மல் காளான் ஷெட்:

நான் சிப்பிக் காளான் போடுகிறவன். அறுப்பு முடிந்த வைக்கோல் படுக்கையைக் குப்பையில் போடாமல் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பக்கத்து டூவீலர் மெக்கானிக் மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார். ஒர்க் ஷாப் வாசல் மண்ணில் எஞ்சின் ஆயில் சொதசொதவென்று இருக்கும், அதன்மேல் வைக்கோலைப் பரப்பினார், யாரும் வழுக்கி விழக்கூடாது என்று. மழைக்காலம் வேறு. கொஞ்ச நாளில் அவர் கடைப் பையன் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்கிறான். தட்டு நிறையச் சிப்பிக் காளான். என் ஷெட்டில் வருவதை விடக் கொழுத்து, சாம்பல் நிறத்தில். "அண்ணா, வாசல்ல முளைச்சுது. அம்மா குழம்பு வெக்கலாமானு கேட்டு வரச் சொன்னாங்க." தட்டைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். பையன் அழாத குறை.

காரணம் இதுதான். எண்ணெயைப் பூஞ்சை உடைக்கலாம். உலோகத்தை யாராலும் உடைக்க முடியாது. காட்மியம், ஈயம், பாதரசம் எது மண்ணில் இருந்தாலும் காளான் இழுத்து உடம்பில் சேர்த்து வைக்கும். அதனால் மண் சுத்தமாகும், காளானும் விற்கலாம் என்று யாராவது திட்டம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எங்கள் பக்கம் தோல் பதனிட்ட குரோமியம் மண்ணில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மண்ணில் ஒருத்தர் என்னிடம் பங்குக்குக் காளான் போடலாமா என்று கேட்டார்.

மெக்கானிக் வாசல் மண் மாறியதா என்று கேட்பீர்கள். நாற்றம் குறைந்திருந்தது. வைக்கோல் உறிஞ்சியதா, காளான் தின்றதா, மழை அடித்துக்கொண்டு போனதா, கிண்டி மேடம்தான் சொல்ல வேண்டும்.

கொளத்தூர் மாடித்தோட்டம்:

எனக்கும் நடந்தது. இலைமட்கு மூட்டைக்குள் வெள்ளை நூல் படர்ந்திருந்ததைப் பார்த்து மாமியார் பயந்து, மருந்துக்கடையில் பூஞ்சைக்கொல்லி வாங்கி மூட்டை முழுக்க ஊற்றிவிட்டார். நல்ல மட்கு, அப்படியே செத்துப்போனது.

இங்கே நிறைய பேர் தோட்டக்காரர்கள், அதனால் சொல்கிறேன். வெள்ளை நூல் கெட்டது இல்லை, இலையை மட்க வைக்கிற ஆளே அதுதான். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போட்டால் அதோடு பூஞ்சைக்கொல்லி கலக்காதீர்கள், அது இதைக் கொன்றுவிடும், காசு தண்டம். சாணத்தூளிலோ வேப்பம்பிண்ணாக்கிலோ கலந்து நிழலில் ஈரமாக வைத்திருந்து பிறகு போடுங்கள். வேர் உட்பூசணம் விற்கிறார்களே, அதை மேலே தூவிப் பயனில்லை, நடும்போது வேரில் படும்படி குழியில் போட வேண்டும். அது வேருக்குள் போய் மண்ணில் வேர் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவந்து கொடுக்கும், பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்குப் போடுங்கள். முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவருக்குப் போடாதீர்கள், அந்தக் குடும்பம் இந்தப் பூஞ்சையைச் சேர்க்காது. மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டாலும் பூசணம் வேரில் ஏறாது, வயிறு நிறைந்த செடி எதற்குக் கடன் வாங்கும்? மண்ணைத் தினமும் கொத்தாதீர்கள், நூல் அறுந்துவிடும். தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

சந்தேகி:

கொளத்தூர் அக்கா, இங்கே கேள்வி எண்ணூர் எண்ணெய்.

கிண்டி மேடம், வெள்ளையழுகல் பூஞ்சை அவ்வளவு சூரர் என்றால் எண்ணூர்ச் சேற்றில் ஏன் கொண்டுபோய் விடவில்லை?

கிண்டி பழைய மாணவி:

சேற்றில் காற்று கிடையாது, உப்பு வேறு. இந்த நொதிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். தோண்டி எடுத்து, வைக்கோலோ மரத்தூளோ கலந்து, மேட்டில் பரப்பி, ஈரம் காத்தால் ஏதாவது நடக்கும். அப்போதும் மண்ணில் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர்கள் புதிதாக விட்ட பூஞ்சையை ஓரங்கட்டிவிடும். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது வயலில் சொதப்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொட்டாமல் இருப்பதற்கு இது மாற்று இல்லை என்று மட்டும் சொல்வேன்.

அடையாறு பால்கனி:

ஜென்செட் சார், எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டரும் போன வாரம் திணறியது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

வேளச்சேரி ஜென்செட்:

பயப்படாதீங்க சார். டேங்க் அடியில் வடிகால் பிளக் இருக்கும். திருகிக் கொஞ்சம் பிடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் அது போகும்வரை வடித்துவிடுங்கள். தண்ணீர் இல்லை என்றால் இதுவும் இல்லை. டேங்க்கைப் பாதியாக விடாமல் நிரப்பியே வையுங்கள், காலியிடத்தில்தான் வியர்த்துத் தண்ணீர் சேரும். மாசத்துக்கு ஒருமுறை லோடு போட்டு ஓட்டுங்கள். ஜவ்வு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் மருந்து ஊற்றினால் மட்டும் போதாது, செத்த ஜவ்வும் ஃபில்டரை அடைக்கும், ஆளை விட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்தச் செயலாளர் எனக்கு ஃபில்டர் காசு இன்னும் தரவில்லை.